ஜன்னலோர பெல்ட்

தம்பியிடம் யாராவது குறை சொன்னால் அவன் கோபப்படமாட்டான், சமாதானமும் சொல்லமாட்டான். "எங்க?" என்று மட்டும் கேட்பான். எங்கே இடிக்கிறது, எங்கே இறுக்குகிறது, எங்கே தொளதொளவென்று கிடக்கிறது என்று சொன்னால் போதும். காதில் செருகிய சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு கிழிப்பான். கோடு விழுந்துவிட்டால் அவனைப் பொறுத்தவரை பாதி வேலை முடிந்தது.

வண்டிகளுக்கு சீட் தைப்பது அவன் தொழில். ஒர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கும் தெருவில் கடைசி ஷெட் அவனுடையது. வேன் ஒன்றுக்கு அவன் சீட் தைத்தால், கடைசி வரிசையில் புறப்பட்ட தையல் முதல் வரிசைவரை இம்மி பிசகாமல் வந்து சேரும். அதைப் பார்த்துவிட்டு எதிர் ஷெட் வெல்டிங்காரர் அவனுக்கு 'நூல்பிடி' என்று பேர் வைத்தார். கிண்டலுக்குத்தான் வைத்தார். போகப்போக அதுவே மரியாதையாகிவிட்டது. வாடிக்கைக்காரர்கள் போனில் "நூல்பிடி சாரா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அவனுடைய அக்காவும் தையல்காரிதான். எட்டாவதோடு படிப்பு நின்றதும் மிஷினில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். தம்பி சீட் போட்ட வண்டி ஏதாவது தெருவில் போனால் நின்று, அது முனை திரும்பும்வரை பார்ப்பாள். பக்கத்தில் யார் நின்றாலும் சரி, "அது என் தம்பி தைச்சது" என்று சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் இறங்கிய பிறகுதான் அந்த சீட் தம்பி தைத்தது இல்லை என்று கண்டாள். தையலைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

குறை என்றால் அது பிரித்துத் தைக்க வேண்டிய ஒன்று. அக்கா தம்பி இருவருக்கும் இது ரத்தத்தில் ஊறியது. அது உடுப்புக்கும் சீட்டுக்கும் சரி. மனிதர்களிடமும் அவன் அப்படியே இருந்தான் என்பதுதான் சிக்கல்.

கல்யாணமான மூன்றாவது வருடம் அவன் மனைவி, "இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அவன் எங்கே என்று கேட்டான். சமையலறையில் நின்றிருந்தவள் கையை விரித்தாள்; அந்த இடம்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் சமையலறைச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தான். நல்ல ஜன்னல், சட்டம் எங்கும் கோணவில்லை. அக்கா போய்ப் பார்த்து, ரசமட்டம் வைத்தாலும் குறை சொல்ல முடியாது என்று மெச்சிவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து, "நான் பேசறது உங்க காதுலயே விழறதில்லை" என்றாள் மனைவி. அவன் தன் வீட்டு முன்னறையில் வைத்து ஓட்டிய மிஷினின் நான்கு காலுக்கும் கீழே ரப்பர் வெட்டி வைத்தான். சத்தம் அப்படியே அடங்கிப்போனது. அவள் அந்த ரப்பரைப் பார்த்துச் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாளாம். அதன்பிறகு அதிக நாள் அந்த வீட்டில் இருக்கவில்லை.

சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போனாள், முறைப்படி பிரிந்தார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அமைதியான மனிதர். அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தம்பி மாதம் தவறினாலும் இரண்டாம் மாதம் தவறாமல் மகளைப் பார்க்கப் போய்வந்தான். கூடத்தில் நாற்காலி போடுவார்கள். மகள் எதிரில் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஐந்தாம் வகுப்பு, கணக்கில் நல்ல மதிப்பெண், தோழிகள் இருவர். இவ்வளவையும் சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

லீவில் மகளைத் தன் வீட்டுக்கு ஒரு வாரம் கூட்டிவர வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஒரு வாரம் கூடவே இருந்தால் மின்விசிறியைப் பார்க்க வேண்டியிருக்காது என்று அக்காவிடம் சொன்னான். அவள் சரி என்றாள். தவழ்ந்து வந்து அவள் மிஷினுக்கடியில் துணித்துண்டு பொறுக்கிய குழந்தை.

அந்தச் சமயத்தில்தான் அவனிடம் ஒரு பழைய பிக்கப் வந்து சேர்ந்தது. முன்னால் ஒரே நீள சீட், மூன்று பேர் உட்காரலாம். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே. மூக்கு உருண்டையாக, கதவு கனமாக, பார்த்தால் யாரும் நின்று பார்ப்பார்கள். அந்த வண்டி பிறந்த காலத்தில் அதற்கு பெல்ட் என்ற ஒன்றே கிடையாது. இடையில் யாரோ ஒருவர் வேறு ஏதோ காரிலிருந்து கழற்றி, அகப்பட்ட இடத்தில் முடுக்கி வைத்திருந்தார். ஒட்டகத்துக்குத் தைத்ததை ஆட்டுக்குட்டிக்கு மாட்டிய கதைதான்.

மகளுக்குக் காட்ட வேண்டும் என்று அதை ஓட்டிக்கொண்டு போனான். ஜன்னலோரம் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்று சுற்றிவந்தான். இறங்கும்போது குழந்தையின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அந்த வாரமே குழந்தையின் அம்மா போன் செய்தாள். "பெல்ட் கழுத்தை அறுக்குதாம். அதான் இந்த லீவுக்கு வேணாம்னு பாக்கறேன்."

"கழுத்துலயா? எந்தப் பக்கம்?" என்றான் அவன்.

போனை வைத்துவிட்டு வந்தவன் முகத்தில் வருத்தமே இல்லை. இடம் தெரிந்துவிட்டது அல்லவா?

தோள் பெல்டின் மேல் போல்ட் பெரிய ஆளின் உயரத்துக்கு இருந்தது. அதைக் கீழே இறக்க வேண்டும். ஆனால் கதவுத் தூணின் தகரம் மெல்லியது. ஓட்டை போட்டு போல்டை மாட்டினால் மோதும்போது தகரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே தடித்த இரும்புத் தகடு வைத்து, வெல்டிங்காரரைக் கூப்பிட்டுப் பற்றவைத்தான். அக்கா சாப்பாடு கொண்டுவந்தவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதற்குப் போய் இவ்வளவு பாடா, தோளுக்கு மேலே ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்தால் ஆகாதா என்றாள். கையில் கத்தியோடு நிற்பவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"பெல்ட்ல ஊசி படக்கூடாதுக்கா. ஊசி ஏறின இடம்தான் முதல்ல அறுந்துபோவும்."

அளவுக்கு ஆள் வேண்டும். குழந்தையின் அம்மா போனில் தோள், இடுப்பு, உட்கார்ந்த உயரம் எல்லாம் அளந்து சொன்னாள். அக்கா அந்த அளவுக்கு ஒரு கவுன் தைத்தாள். நீலத்தில் சிறு புள்ளி. அதற்குள் பஞ்சும் ஃபோம் துண்டும் அடைத்து, அடியில் மணல் பொட்டலம் வைத்துக் கட்டி, ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். தம்பி அதற்கு பெல்ட் மாட்டி, தெருவை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பான். இறங்கி வந்து பட்டை எங்கே நகர்ந்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுவான். தலையில்லாத அந்தக் கவுனைப் பார்த்து வெல்டிங்காரர், "நூல்பிடி, உன் பொண்ணு அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்குய்யா. வாயே திறக்க மாட்டேங்குது" என்றார். தம்பி சிரித்தான். அக்காவும் சிரித்தாள்.

கழுத்து சரியானது. அடுத்த முறை போனபோது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மகளை உட்காரவைத்துப் பார்த்தான். பட்டை தோளின் நடுவில் பதிந்து, மார்புக்குக் குறுக்கே படிந்து இறங்கியது. ஊருக்குத் திரும்பிய பிறகு போன் வந்தது. வயிற்றை அழுத்துகிறதாம்.

நியாயமான குறைதான் என்றான் அவன். இடுப்புப் பட்டை வயிற்றின்மேல் ஏறக்கூடாது. இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். கீழ் போல்டுகள் இரண்டையும் பின்னால் தள்ளினான். சீட் மெத்தையைப் பிரித்து, குழந்தை சறுக்கி முன்னால் வராதபடி கெட்டியான ஃபோமாக வைத்து, கொஞ்சம் உயர்த்தித் திரும்பத் தைத்தான். நடுவில் அக்காவுக்கு இடுப்புப் பட்டை மட்டும் போதும் என்று ஒன்று போட்டான். கூட்டிவரப் போகும்போது துணைக்கு அத்தை இருந்தால் குழந்தைக்குக் கூச்சம் இருக்காது என்பது அவன் கணக்கு.

மூன்றாவது குறையும் வந்தது. அசைந்தால் பெல்ட் பிடித்துக்கொள்கிறது, பயமாக இருக்கிறதாம்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அவள் துணி தைக்கிறவள். சில பேர் முதலில் கை இறுக்கம் என்பார்கள். பிரித்துக் கொடுத்தால் கழுத்து அகலம் என்பார்கள். அதையும் சரிசெய்தால் நிறம் சரியில்லை என்பார்கள். துணியில் குறை இருக்காது. போட்டுக்கொள்ள மனம் இருக்காது.

அன்றைக்கே குழந்தையின் அம்மாவுக்கு போன் செய்தாள். பிரிந்து இத்தனை வருடமாகியும் அவள் அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். பெல்ட்தான் காரணமா என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள் அக்கா.

"நானா எதுவும் சொல்லிக் கொடுக்கலை அண்ணி. அவதான் ஒவ்வொண்ணா சொல்றா. வரலைன்னு சொன்னா அப்பா மனசு கஷ்டப்படும்னு, பெல்ட் மேல பழி போடறா."

சின்னவன் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான். அவனை விட்டு ஒரு ராத்திரி வெளியே இருக்கமாட்டேன் என்கிறாள் மகள். இங்கே வந்தால் யாரோடு பேசுவது, என்ன பேசுவது என்று கேட்கிறாள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இதை அவரிடம் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றாள் அக்கா.

சொல்லத்தான் ஷெட்டுக்குப் போனாள். தம்பி வண்டிக்குள் மண்டியிட்டுக் கிடந்தான். பெல்டைச் சுருட்டிக்கொள்ளும் பெட்டியில் காதை வைத்திருந்தான். அது செங்குத்தாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கொஞ்சம் சாய்ந்தாலும் தொட்டதற்கெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்கு விளக்கினான். முன்னால் இருந்த புண்ணியவான் அதைச் சாய்த்து மாட்டியிருக்கிறார், பாவம் குழந்தை பயந்ததில் என்ன ஆச்சரியம் என்றான். பட்டையை மெதுவாக இழுத்தான்; நெய்யில் இழுத்ததுபோல் வந்தது. வெடுக்கென்று இழுத்தான், டக் என்று நின்றது. மறுபடியும் மெதுவாக. மறுபடியும் வெடுக்கென்று. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அக்கா பல வருடமாகப் பார்த்ததில்லை.

"சாப்பிட வா" என்றாள்.

அதன்பிறகு குறை எதுவும் வரவில்லை. குழந்தைக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை போலும். லீவு விட்டதும் வந்து கூட்டிப்போகலாம் என்று அவள் அம்மாவே போனில் சொன்னாள். அக்காவிடம் தனியாக, "போய்ட்டுதான் வரட்டுமே அண்ணி. அவரும் எவ்வளவு நாளைக்குத்தான் போல்டை முடுக்கிட்டிருப்பார்" என்றாள். ஒருவேளை வந்து இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவும் நினைத்தாள். குழந்தைக்கு ஒரு மெத்தையுறை தைத்தாள். தம்பி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான்.

கூட்டிவரப் போன அன்றைக்குக் காலை வெயில் இதமாக இருந்தது. வாசலில் பையோடு மகள் தயாராக நின்றாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சின்னவன் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி மகளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு, வண்டியில் ஏறினாள். அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தாள். பையை வாங்கிக் காலடியில் வைத்தாள்.

தம்பி ஜன்னல் பக்கம் நின்று பெல்டை மாட்டினான். பட்டைக்கும் காறையெலும்புக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். இடுப்பில் பதிந்திருக்கிறதா என்று பார்த்தான். அளவெடுத்துப் பிறந்ததுபோல் இருந்தது. உலகத்தில் எந்த வண்டியிலும் எந்தக் குழந்தைக்கும் அப்படிப் பொருந்தியிருக்காது என்று அக்காவுக்குத் தோன்றியது. இறங்கிப் போய் மருந்துக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

"கழுத்துல இடிக்குதாம்மா?" என்று கேட்டான்.

குழந்தை இல்லை என்று தலையசைத்தாள்.

"வயித்துல?"

இல்லை.

"அசைஞ்சு பாரு. பிடிக்குதா?"

அசைந்து பார்த்தாள். பிடிக்கவில்லை.

"அப்ப, எங்க இறுக்குது?"

"எங்கயும் இறுக்கலப்பா" என்றாள். சொல்லும்போதே கண்ணிலிருந்து நீர் இறங்கி பெல்டின்மேல் விழுந்தது. சத்தமில்லை. முகம்கூடக் கோணவில்லை. இறங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் தொடையில் வைத்து, நல்ல பிள்ளையாக, நேராக உட்கார்ந்திருந்தாள்.

தம்பியின் கை காதுப்பக்கம் போனது. சாக்பீஸைத் தொட்டது. எடுக்கவில்லை. அவன் அந்த ஈரத்தைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். சின்னவன் பின்னல்காரியைக் காணாமல் வண்டியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு குனிந்தான். பெல்ட் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பட்டையை வெடுக்கென்று இழுத்தான். டக். இன்னொரு முறை. டக். நிமிர்ந்தபோது அவன் குரல் ஒர்க்‌ஷாப்பில் பேசுகிற குரலாகவே இருந்தது.

"இந்தப் பெட்டி சரியில்லையே. பிடிக்க வேண்டிய நேரத்துல பிடிக்க மாட்டேங்குது. இதுல உன்னை எப்படி அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறது?"

அக்கா வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப நான் இறங்கட்டுமாப்பா?"

"இறங்கும்மா. அப்பா செஞ்சது சரியில்லை."

அவனே பட்டனை அழுத்தி விடுவித்தான். பட்டை அவள்மேல் உரசாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போகவிட்டான். குழந்தை கீழே இறங்கினாள். ஓடிவிடவில்லை. அவன் பக்கத்தில் நின்று, திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் கையை அவளாகவே பிடித்தாள். அத்தனை வருடத்தில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ரொம்பக் கஷ்டமான வேலையாப்பா இது?"

"ஆமாம்மா. கஷ்டந்தான்."

"பரவால்லப்பா. நீங்க மெதுவா பண்ணுங்க."

குழந்தையின் அம்மாவுக்குப் புரிந்திருந்தது. பெட்டியில் விழுந்த டக் வாசல்வரை கேட்டிருக்கும். அவள் முகத்தைத் திருப்பிச் சின்னவனின் முதுகைத் தட்டினாள். மருந்துக்கடைக்காரருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. நல்ல மனிதர் என்பதால் சும்மாவும் இருக்க முடியவில்லை. வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டு, தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், பெல்ட் வேலையில் கெட்டிக்காரர், நம்பர் தரட்டுமா என்றார். அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நூல்பிடிக்கு இன்னொருத்தன் நம்பரா?

தம்பி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "குடுங்க சார்" என்று சொல்லி, அவர் சொல்லச் சொல்லப் பொறுமையாகப் பதிந்துகொண்டான். சரிதானா என்று ஒருமுறை படித்தும் காட்டினான்.

வண்டி ஊரைத் தாண்டியது. அக்கா நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் நகர அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"அந்தப் பெட்டி பிடிச்சதுடா. என் காதால கேட்டேன்."

"ஆமாக்கா. பிடிச்சது."

"பின்ன ஏன்டா உன் வேலையை நீயே குறை சொன்னே? அந்த மனுஷன் இனிமே உன்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கயும் இறுக்கலைன்னுட்டாக்கா. எங்கயாவது இறுக்குதுன்னு சொல்லியிருந்தா பிரிச்சிருப்பேன். எங்கயும் இல்லைன்னா நான் எதைப் பிரிக்கிறது?"

அக்கா முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வழியெல்லாம் வேகத்தடைகள். ஒவ்வொன்றும் வருமுன்பே அவன் வேகத்தைக் குறைத்து, ஜன்னலோரம் குழந்தை உட்கார்ந்திருப்பதுபோல், வண்டியை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினான்.